வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்

அன்பின் மூதூர், தோப்பூர், கிண்ணியா உறவுகளே!

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். சிலருக்கு மனம் கனக்கும், அதற்கு முதலே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போன தவணை தரம் 10 பிள்ளைகளுக்குக் கண்டி இராச்சியம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ரொபேர்ட் நொக்ஸின் பெயர் வந்தது. "இவர் பிடிபட்டது எங்கட ஊர்லதான், தெரியுமா?" என்று கேட்டேன். பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கல்லைக் கண்டிருக்கிறார்கள். பின்வாங்கில் இருக்கும் பொடியன் ஒருவன் எழும்பி, "சேர், 1660க்குப் புறகு எங்கட ஊர்ல ஒண்டுமே நடக்கல்லயா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இராச்சோறு தின்னும்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது.

நொக்ஸின் கதையை மறந்தவர்களுக்காக இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1659 நவம்பரில் இந்தியாவின் கிழக்குக் கரையில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் பெரிய பாய்மரத்தை வெட்டிவிட வேண்டி வந்தது. புதிய மரம் நாட்டுவதற்காகத் துணிப் பொதிகளையும் பரங்கிப்பேட்டை வணிகர்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டு அது எங்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அப்போது கண்டியில் இரண்டாம் இராஜசிங்கன். கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டன. கடலால் வருகிற எவரையும் மன்னன் சந்தேகத்தோடு பார்த்த காலம். மலையிலிருந்து ஆளுகிற அரசனின் கையும் கடலிலிருந்து வருகிறவனின் கையும் தொட்டுக்கொள்கிற விளிம்பாக எங்கள் கரை இருந்தது. எல்லைக் கிராமம் என்ற சொல்லை நாங்கள் 80களுக்குப் பிறகுதான் அதிகம் கேட்டோம். அந்த வாழ்க்கை எங்கள் மண்ணுக்குப் பழையது.

கப்பல் தலைவர் ஒரு புளியமரத்தின் கீழே இருந்தபோது மன்னனின் ஆட்கள் அவரைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். அவருடைய மகன்தான் நொக்ஸ், வயது 19. இவரும் பிடிபட்டார். பிறகு நடந்ததைத்தான் நான் வகுப்பில் எப்போதும் கொஞ்சம் நிறுத்திச் சொல்வேன். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரும்படி சொல்லச் சொல்லி மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். தகப்பன் மகனிடம் தனியாகச் சொல்லிவிட்டது வேறு: கப்பல் வரக்கூடாது, ஆனால் நீ என்னை விட்டுவிடாமல் திரும்பி வா. மகன் கப்பலுக்குப் போனார். கப்பலில் இருந்தவர்களிடம் வர வேண்டாம் என்று சொன்னார். அவர் நினைத்திருந்தால் அப்படியே அந்தக் கப்பலில் இங்கிலாந்துக்குப் போயிருக்கலாம். திரும்பித் தகப்பனிடம் வந்தார்.

தகப்பன் 1661 பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் 19 வருடங்கள் கைதியாக இருந்து 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போனார். 1681இல் இலண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. மூதூரில் அந்த மரம் நின்ற இடத்தில் இருக்கிற கல் 1893இல் நாட்டப்பட்டது.

ஆக, வெளியிலிருந்து வந்த ஒரு பொடியன், பிடிபட்ட இடம், கூட இருந்த ஆட்கள், தின்ற சோறு, தகப்பனைப் புதைத்த விதம் எல்லாவற்றையும் தன் கையால் எழுதி வைத்தான். அன்றைக்கு எங்கள் கரையில் நின்ற ஆட்களும் அதைக் கண்டிருப்பார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள், இரவு வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள்? ஒரு வரியும் எங்கள் கையில் இல்லை.

அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன்: "2006 ஆகஸ்ட். வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள். இரண்டு பக்கம்."

வகுப்பில் 34 பிள்ளைகள். எல்லோரும் 2006க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொன்னேன், இளையவர்கள் வாசிப்பீர்கள் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த உடன்படிக்கை வந்தது. மூதூர் நகரம் அரசாங்கத்தின் கையில், கட்டைபறிச்சான் சாவடி தாண்டினால் சம்பூர்ப் பக்கம் புலிகளின் கையில். ஊர் இந்தப் பக்கம், பலருடைய வயலும் விறகும் மாட்டுக்குப் புல்லும் அந்தப் பக்கம். காலையில் ஒரு அதிகாரம், அந்தியில் ஒரு அதிகாரம். இரண்டு பக்கத்துக்கும் அடையாள அட்டை காட்டி, இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிப் பழகிய சனம் நாங்கள்.

2004 டிசம்பரில் சுனாமி. அந்த ஈரம் காயுமுன்னே 2006. ஜூலை மாதம் மாவிலாறு அணைக்கதவைப் புலிகள் பூட்டினார்கள். கீழே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்குத் தண்ணீர் நின்றது. அரசாங்கம் விமானத் தாக்குதலில் இறங்கியது. தண்ணீரில் தொடங்கிய சண்டை ஆகஸ்ட் 2ஆம் தேதி விடியுமுன் மூதூர் நகரத்துக்குள் வந்துவிட்டது. பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் அரபுக் கல்லூரியிலும் சனம் போய் அடைந்தது. ஷெல் அங்கேயும் விழுந்தது. 4ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஊரே எழும்பி நடந்தது. கிரான்திமுனையில் மறிக்கப்பட்டதும், இளைஞர்கள் பிரித்து எடுக்கப்பட்டதும், அங்கும் ஷெல் விழுந்ததும் பதிவில் உள்ளவை. பல்லாயிரம் பேர் கந்தளாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். அதே நாட்களில் மூதூரில் இருந்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் 17 ஊழியர்கள் அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அதற்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

இவ்வளவையும் நான் சொன்னபோது பிள்ளைகள் வேறு எங்கோ நடந்த கதை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

34 கொப்பியில் 11 வந்தன. ஒரு கொப்பியில் தாயின் கையெழுத்தில் ஒரே வரி: "சொல்ல விருப்பமில்லை சேர்." அதையும் நான் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒருவன், தன் உம்மம்மா அடுப்பில் வெந்துகொண்டிருந்த சோற்றை இறக்காமலே ஓடி வந்ததையும், ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது அந்தப் பானையை என்ன செய்தார் என்பதையும் எழுதியிருந்தான். ஒரு மகளின் ராத்தா பிறந்தது கந்தளாயில் ஒரு பாடசாலை வகுப்பறையில். கரும்பலகைக்குக் கீழே, மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டி. "எங்கட ராத்தா பிறந்ததே தரம் 4இல்" என்று எழுதியிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொரு கொப்பியில் உரைநடையே இல்லை. மூத்தம்மா சொன்னது என்று போட்டு நான்கு வரிக் கவி:

கந்தளாய்க் கொளத்துத் தண்ணி
கையில அள்ளிக் குடிச்சாலும்
சொந்தக் கெணத்துத் தண்ணி
எப்ப மகன் நான் குடிப்பன்

தண்ணீருக்காகத் தொடங்கிய சண்டையைப் பற்றி எத்தனையோ ஆய்வுக் கட்டுரை வாசித்திருக்கிறேன். இந்த மூத்தம்மா பாடசாலைக்கே போகாதவர்.

எங்கள் பெண்களின் கவி இப்படித்தான். வயல் வெட்டுக்குப் போனாலும், பாய் இழைத்தாலும், பிள்ளையைத் தொட்டிலில் போட்டாலும் நான்கு வரி கட்டிவிடுவார்கள். யார் கட்டியது என்று பெயர் இருக்காது. நேரே சொல்ல முடியாததைச் சொல்லத்தான் கவி. மாமியைப் பற்றி, மச்சானைப் பற்றி, வராமல் போன கடிதத்தைப் பற்றி. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் இந்தக் கவிகளை எஸ்.எச்.எம். ஜெமீல் 'கிராமத்து இதயம்' என்று தொகுத்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரானும் ஊர் ஊராய்த் திரிந்து சேர்த்தார். இருவரும் அம்பாறைப் பக்கத்தார். எங்கள் பக்கத்துக் கவிகளைச் சேர்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான், ஆனால் நாங்கள் அந்த நேரத்தில் பெட்டி படுக்கையைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

எழுத்தாளர் இல்லாத ஊரும் இல்லை இது. வ.அ. இராசரத்தினம் மாஸ்டர் மூதூர்க்காரர், எங்களைப் போல ஆசிரியர். அவருடைய 'தோணி' தொகுதிக்கு 60களிலேயே சாகித்திய பரிசு கிடைத்தது. எங்கள் கரை, எங்கள் வள்ளம், எங்கள் பேச்சு அதில் இருக்கிறது. கவிஞர் மூதூர் முகைதீன் தன் தொகுதிக்கு 'பிட்டும் தேங்காய்ப் பூவும்' என்று பெயர் வைத்தார். தமிழரும் முஸ்லிமும் கிழக்கில் எப்படி இருந்தார்கள் என்பதற்கு ஊரில் சொல்கிற உவமை அது. இராசரத்தினம் மாஸ்டர் 2001இல் காலமானார். 2006ஐ அவர் காணவில்லை. கண்டிருந்தால் எழுதியிருப்பார், யாருடைய முகத்துக்கும் பார்க்காமல் எழுதியிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.

மூதூரில் நடந்ததை அந்த ஆகஸ்ட் மாதமே விவரமாக எழுதியவர்கள் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பினர். துணிச்சலான வேலை. ஆனால் அது ஆங்கிலத்தில். 1681இலும் எங்கள் கதை ஆங்கிலத்தில். அந்த மூத்தம்மா இரண்டையும் வாசிக்க மாட்டார்.

இந்தக் கொப்பி விசயம் வெளியே போன பிறகு, ஒரு நாள் மஃரிபு தொழுதுவிட்டு வரும்போது பெரியவர் ஒருவர் பள்ளிவாசல் படியில் என் கையைப் பிடித்தார். நான் மதிக்கிற மனிதர். "மகன், ஏன் பழசக் கிண்டுற? இப்பதான் பாலம் வந்து, ரோட்டு வந்து, அவங்களும் நாங்களும் ஒண்டா யாவாரம் செய்றம். புள்ளையள்ற மனசுல ஏன் இத விதைக்கிற?" என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தார்கள், அதன் பிறகு மற்றப் பாதைகள் ஓடிய இடங்களிலும் பாலங்கள் வந்தன. முன்பு திருகோணமலைக்குப் போவதென்றால் லோஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதைக்குப் பாதை இறங்கி ஏற வேண்டும். இன்று பஸ்ஸில் ஏறினால் நித்திரை கொண்டு போகலாம். அந்த நிம்மதியை யார் கெடுக்க நினைப்பார்கள்?

ஆனால் எழுதாமல் விட்டால் அது மறந்துபோவதில்லை. வாயில் கிடந்து வளர்கிறது. அந்த 11 கொப்பியில் ஒரே சம்பவம் மூன்று விதமாக வந்திருக்கிறது. ஒன்றில் இரண்டு பேர், ஒன்றில் பத்துப் பேர், ஒன்றில் நூறு. கண்டவர் சொன்னது இரண்டு. நூறு என்று எழுதிய பிள்ளையின் வீட்டார் அன்று கிண்ணியாவில் இருந்தவர்கள். இப்போதே இப்படி என்றால் இன்னும் இருபது வருடத்தில் எப்படி இருக்கும்? பெரியவருக்கு இதைத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத் தன் பேரனிடம் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தனுப்பியிருந்தார். அதை அவர் அனுமதி இல்லாமல் இங்கே போடமாட்டேன்.

பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாதே. "சேர், நீங்க எழுதினீங்களா?" என்று அந்த ராத்தாவின் தங்கச்சி கேட்டுவிட்டாள். எழுதினேன்.

2006இல் எனக்கு 27 வயது, முதல் நியமனம் கிடைத்து இரண்டாம் வருடம். புதன்கிழமை விடியச் சத்தம் கேட்டு உம்மாவையும் இரண்டு தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனோம். வாப்பாவும் வந்தார். வியாழன் அந்தியில் ஆடுகளுக்குத் தண்ணி வைக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை சனம் வெளிக்கிடத் தொடங்கியபோது நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். திண்ணையில் இருந்தார். கால் வீங்கியிருந்தது, அவருக்குச் சீனி வருத்தம். "இவ்வளவு தூரம் என்னால நடக்க ஏலா. நீ உம்மாவையும் புள்ளையளையும் கொண்டு போ. நான் இரிக்கன். வெளியால பூட்டிட்டுப் போ, ஆள் இல்லாத வீடு எண்டு நினைப்பானுகள்" என்றார்.

பூட்டினேன். பின்கதவுக்கு உள்ளே கொண்டி இருந்தது, வேண்டுமானால் அவர் வெளியே வரலாம். இருந்தாலும் வாப்பாவை உள்ளே வைத்து முன்கதவில் ஆமைப் பூட்டுப் போட்டது என் கைதான். ஜன்னல் சட்டத்தால் சொன்னேன்: "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போவன் வாப்பா."

அந்த நாளை முப்பதாவது நாள்தான் வந்தது. ரோட்டு மூடியிருந்தது உண்மை. ஒருவரையும் விடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த நாட்களில் இரண்டு மூன்று பேர் காட்டுப்பக்கத்தால் போய் வந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் போகவில்லை. திறப்பு என் காற்சட்டைப் பையில் இருந்தது. நொக்ஸ் திரும்பித் தகப்பனிடம் வந்த இடத்தை வகுப்பில் ஏன் நிறுத்திச் சொல்கிறேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

கந்தளாயில் கொட்டிலுக்குள் இருந்து உம்மா மெதுவாக ஒன்று படித்துக்கொண்டிருப்பார். நான் கிட்டப் போனால் நிறுத்திவிடுவார்.

பூட்டின வீட்டுக்குள்ள
புள்ளையாட்டம் மனிசனிரிக்க
கூட்டமா நாங்க வந்தம்
கொட்டிலில சோறு திங்க

ஊருக்குத் திரும்பிய பிறகு உம்மா அதைப் படித்து நான் கேட்டதில்லை. வாப்பாவின் காதில் ஒருநாளும் விழுந்திருக்காது. இந்தப் பதிவில் போடலாமா என்று போன கிழமை உம்மாவிடம் கேட்டேன். கொப்பியை வாங்கிப் பார்த்தார், எழுத்துக் கூட்டி வாசிப்பார். "மனிசனிருக்க" என்று நான் எழுதியிருந்தேன். "இரிக்க எண்டு எழுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

செப்டெம்பர் தொடக்கத்தில் ஊருக்கு வந்து பூட்டைத் திறந்தபோது வாப்பா இருந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆள் பாதியாக இருந்தார். இரண்டு ஆடுகள் இல்லை. என்ன சாப்பிட்டீங்க, எப்படி இருந்தீங்க என்று உம்மா அழுது அழுது கேட்டார். "கெணறு இரிந்திச்சி" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு எட்டு வருடங்கள் உயிரோடு இருந்தார், 2014இல் மௌத்தானார். அந்த எட்டு வருடமும் நான் வரலாற்று ஆசிரியர். ஊர்ப் பிள்ளைகளுக்கு நொக்ஸின் முதல் வருடம், இரண்டாம் வருடம் எல்லாம் படிப்பித்தேன். வீட்டுத் திண்ணையில் இருந்தவரிடம் அந்த முப்பது நாளைக் கேட்கவில்லை. கேட்டால், நீ ஏன் வரவில்லை என்று அவர் கேட்பாரோ என்ற பயம். அவர் கேட்கக்கூடிய ஆளும் இல்லை.

எங்கள் பாடசாலையில் சம்பூரைச் சேர்ந்த ரீச்சர் ஒருவர் இருந்தார். இப்போது இடமாற்றத்தில் போய்விட்டார். என் கொப்பியை வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சேர், உங்களுக்கு ஒரு மாசம். எங்களுக்கு ஒன்பது வருஷம்" என்றார். உண்மை. சம்பூர்ச் சனம் 2006 ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கியபோது வெளிக்கிட்டவர்கள். செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. பிறகு உயர் பாதுகாப்பு வலயம், அனல் மின் நிலையத்துக்குக் காணி என்று ஒவ்வொன்றாக வந்தது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் தகரத்துக்குக் கீழே பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2015இலும் 2016இலும்தான் திரும்பிப் போக விட்டார்கள். ரீச்சரின் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிச்சம், அதுவும் தூர்ந்து.

கிணறு என்று அவர் சொன்னபோது எனக்கு வாப்பாவின் சொல் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. "நீங்களும் எழுதித் தாங்க ரீச்சர்" என்று மட்டும் கேட்டேன். ஆறு பக்கம் தந்தார். அதில் எங்கள் ஆட்களைப் பற்றியும் இரண்டு இடத்தில் கசப்பாக இருக்கிறது. நான் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. எங்கள் கொப்பிகளிலும் அவர்களைப் பற்றிக் கசப்பு இருக்கிறதுதானே.

இன்ஷா அல்லாஹ், இந்த வேலையை வகுப்போடு நிறுத்தாமல் ஊராகச் செய்யலாம் என்று நினைக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. கொப்பி நான் தருகிறேன். பெயர் போட விருப்பமில்லாதவர்கள் போட வேண்டாம். கண்ணால் கண்டதைக் கறுப்புப் பேனையாலும் மற்றவர் சொல்லிக் கேட்டதை நீலப் பேனையாலும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எழுதத் தெரியாத மூத்தம்மாமார் சொன்னால் போதும், என் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து எழுதுவார்கள், கவி என்றால் சொன்ன மாதிரியே, பேச்சைத் திருத்தாமல். 1990இல் ஓடியவர்கள், சுனாமியில் பிரிந்தவர்கள், 2021இல் குறிஞ்சாக்கேணிப் பாதை கவிழ்ந்தபோது பிள்ளையை அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர்கள், யாராக இருந்தாலும் சரி. கட்டைபறிச்சான், சம்பூர், பட்டித்திடல் உறவுகளே, உங்கள் கொப்பிகளும் இதே அலுமாரியில்தான் இருக்கும்.

பின்வாங்குப் பொடியனின் கொப்பி இன்னும் வரவில்லை. மூத்தப்பா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்கிறாராம், இன்னும் நடந்து கந்தளாய்க்கு வந்து சேரவில்லையாம். அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

என் கொப்பியில் வாப்பாவுக்கென்று நான்கு பக்கம் விட்டிருக்கிறேன். முதல் வரியில் "கெணறு இரிந்திச்சி" என்று எழுதியிருக்கிறது, மிச்சம் வெறுமை. 2006 ஆகஸ்ட் 4க்கும் செப்டெம்பர் தொடக்கத்துக்கும் இடையில் ஊருக்குள் நின்றவர்கள், வந்து போனவர்கள் யாராவது இதை வாசித்தால், இறங்குதுறைப் பக்கம் கால் வீங்கிய, வெள்ளைச் சாரமும் பச்சைத் தொப்பியும் போட்ட ஒரு மனிதரைக் கண்டிருந்தால், அவர் ஒரு வாய் தண்ணி கேட்டிருந்தாலும் சரி, உங்களுக்கு ஒரு வாய் தந்திருந்தாலும் சரி, எனக்குச் சொல்லுங்கள்.